விருப்ப வரிசை

மழை பக்கவாட்டில் பெய்கிற தீவு எங்களுடையது.
நகராட்சி நூலகத்தில் இணையம் வருகிற ஒரே கணினி
என் மேசையில்.
ஜனவரியில் விண்ணப்பம் தட்டிக்கொடுப்பதும் என் வேலை.
சம்பளச் சீட்டில் அதற்கு வரி கிடையாது.

வாசலில் நின்று தொப்பியைப் பிழிந்தார்.
தண்ணீரில் டீசல் மணந்தது.
எலியோதோரோ வென்சூர், முப்பத்து நாலு வயது,
பள்ளிப் படகு ஓட்டுகிறவர்.
இப்போது விடுமுறை.
பிள்ளைகள் உட்காரும் பலகையில்
கடற்பாசி மூட்டைகள் உட்கார்ந்து போகின்றன.

"ஆசிரியப் படிப்பு" என்றார்,
பல் டாக்டரிடம் வலிக்கிற பல்லைக் காட்டுவதுபோல.

எந்த ஆசிரியப் படிப்பு என்று கேட்டது திரை.
நான் கேட்டிருந்தால் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருப்பேன்.

மழலையர் கல்வி, தொடக்கக் கல்வி,
கணிதம், சிறப்புக் கல்வி, உடற்பயிற்சி.
ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஒரு கட்டணம், ஒரு கட்-ஆஃப்.
பத்து வரை வரிசைப்படுத்தலாம்.
மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"வலையிலும் அப்படித்தான்,
மேலே கிடக்கிற மீனைத்தான் முதலில் எடுப்போம்" என்றார்.
இது வேறு என்றேன்.
வேறுதானா என்று எனக்கே நிச்சயமில்லை.

வகுப்பறையைப் பற்றிக் கேட்டால் படகைப் பற்றிச் சொன்னார்.
இருபத்திரண்டு நிமிடம். பதினொரு பிள்ளைகள்.
வழியிலுள்ள மிதவைகளை எண்ணிக்கொண்டே வரும் ஒரு பையன்,
ஒன்று தவறிவிட்டால்
படகைத் திருப்பச் சொல்லி அழுவானாம்.
ஒருநாள் திருப்பியிருக்கிறார்.
பதினொரு பேருக்கும் அன்று தாமதக் குறி.
தலைமையாசிரியை கடிதம் கொடுத்தனுப்பினார்.
அது நாலாக மடிந்து
ஆடுகிற எஞ்சின் மூடிக்கு முட்டாக இருக்கிறது இன்னும்.

"அவன் எந்தப் படிப்பில் வருவான்,
கணிதத்திலா, சிறப்புக் கல்வியிலா?"

அதற்குத் திரையில் கட்டம் இல்லை.

நானும் இரண்டு வருடம் படித்தவள்தான், வரலாறு கற்பிக்க.
பயிற்சிக்கு அனுப்பிய வகுப்பில் முப்பத்தெட்டு பேர்.
எல்லார் பெயரும் மனதில் நிற்பதற்குள்
பேருந்துக் காசு தீர்ந்துபோனது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
கட்டணச் சலுகைப் பக்கத்தை மட்டும்
இரண்டு முறை திறந்து காட்டினேன்.

கணிதம் முதலாவது, வால்திவியாவில், பகல் வகுப்பு.
வேலை உடனே கிடைக்குமென்று மைத்துனி சொன்னாளாம்.
தொடக்கக் கல்வி இரண்டாவது.
அப்படியே இறங்கி இறங்கி
ஐந்தாவது இடத்தில் சிறப்புக் கல்வி.
அதற்கு நாலு மதிப்பெண் குறைகிறது.

சமர்ப்பி என்ற பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில்
காற்று மின்சாரத்தை எடுத்துக்கொண்டு போனது.

நாற்பது நிமிடம்.
விறகு அடுப்பில் தண்ணீர் வைத்து
மாத்தே ஊற்றிக் குடித்தோம், ஒரே குழலில், மாற்றி மாற்றி.
அவர் ஜன்னல் வழியே படகின் கயிற்றையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெளிச்சம் வந்தது.
எழுதியதெல்லாம் போயிருந்தது.
மறுபடி பெயரிலிருந்து, பிறந்த தேதியிலிருந்து.
இந்தமுறை நான் வாய் திறக்குமுன் சொன்னார்:
"ஒன்று, சிறப்புக் கல்வி. காஸ்த்ரோவில்,
அந்த வெள்ளி சனி வகுப்பு.
இரண்டு, கணிதம்.
மூன்று வேண்டாம்."

நாலு மதிப்பெண் குறைகிறதே என்றேன்.
"போன வருடக் கணக்குக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை படகு?
"ஓதிலியோ ஓட்டுவான்.
அவன் குடிப்பது சனிக்கிழமைதான்."

அச்சுப்பொறியில் மை இல்லை, நவம்பரிலிருந்தே இல்லை.
என் மார்க்கரை வாங்கி
மிதவையங்கியின் உட்புறத்தில்
விண்ணப்ப எண்ணை எழுதிக்கொண்டார்.
எட்டு இலக்கம். ஏழாவதில் ஈரம் பட்டுக் கசிந்தது.
ஒன்றா ஏழா என்று தெரியவில்லை.
பக்கத்தில் இன்னொரு முறை எழுதினார், பெரிதாக.

"மார்ச்சில் அவன் இதைப் பார்த்துவிட்டு
என்ன எண் என்று கேட்பான்."
என்ன சொல்வீர்கள் என்றேன்.
ஓதம் இறங்குகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அவர் நின்ற இடத்தைத் துடைத்தேன்.
பூட்டும் நேரம் வரை டீசல் மணந்தது.